நிறுவனங்களின் டார்ட்டன்: நிறமும் இழைக் கணக்கும்

ஸ்காட்லாந்து நாட்டிற்கே உரியதென உலகெங்கும் அறியப்படும் கட்டமிட்ட கம்பளித் துணிக்கு டார்ட்டன் என்று பெயர். பாவிலும் ஊடையிலும் ஒரே வண்ண வரிசை அமைய நெய்யப்படுவது இத்துணி. முன்னாளில் மலைநாட்டு மக்களின் உடையாகவும், பின்னர்க் குடிகளின் அடையாளமாகவும், படைப்பிரிவுகளின் சீருடையாகவும் இது விளங்கிற்று. இருபதாம் நூற்றாண்டில் வாணிக நிறுவனங்களும், சங்கங்களும், கல்வி நிலையங்களும் தத்தமக்கெனத் தனி டார்ட்டன் வகுத்துக்கொள்ளத் தலைப்பட்டன. இவ்வகைத் துணிக்கு நிறுவன டார்ட்டன் என்று பெயர் வழங்குகிறது.

ஒரு நிறுவனத்தின் கழுத்துப்பட்டை ஓர் ஆலையிலும், சால்வை மற்றோர் ஆலையிலும், இருக்கை உறை மூன்றாவது ஆலையிலும் நெய்யப்படக் கூடும். மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது அவை ஒரே துணியாகத் தோன்ற வேண்டும். ஒன்றில் கோடு தடித்தும், மற்றொன்றில் நீலம் வெளுத்தும் காணப்படுமாயின் அடையாளம் சிதைந்துவிடும். நெய்தவனுக்குச் சரக்குத் திரும்பி வரும். ஆகவே, நெய்த துணியைக் கண்ணாற் பாராமலே, எழுத்தில் உள்ள குறிப்பை மட்டும் கொண்டு அதனை மீண்டும் நெய்ய இயலுமாறு ஒரு முறை தேவைப்பட்டது. அம்முறைக்கு இழைக் கணக்கு என்று பெயர். கட்டமிட்ட துணி எதற்கும் இக்கணக்கு பயன்படுமாதலின், நெசவுத் துறைக் களப்பணியாளரும் கைத்தொழில் ஆசிரியரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

டார்ட்டனின் இலக்கணம்

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2008ஆம் ஆண்டில் இயற்றிய டார்ட்டன் பதிவேட்டுச் சட்டம் இத்துணிக்கு ஒரு வரையறை தருகிறது. அதன் கருத்து யாதெனில்: நெய்வதற்கு இயலும் வடிவமாக இருத்தல் வேண்டும், இரண்டோ அவற்றிற்கு மேற்பட்டோ உள்ள வண்ணப் பட்டைகள் மாறி மாறி வருதல் வேண்டும், அவை நெடுக்கிலும் குறுக்கிலும் இணைந்து, திரும்பத் திரும்ப வரும் கட்டக்கோலம் ஒன்றனை உண்டாக்குதல் வேண்டும்.

இவ்வரையறையில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, தாளில் அழகாக வரைந்த கட்டமெல்லாம் டார்ட்டன் ஆகாது. இழைகளால் அமைக்க இயல வேண்டும். இரண்டாவது, நெடுக்குப் பட்டை மட்டும் இருந்தால் அது வரித்துணியே ஆகும். மூன்றாவது, கோலம் ஓர் அளவிற்குப் பின் மீண்டும் தொடங்க வேண்டும். இங்ஙனம் மீண்டும் மீண்டும் வரும் அலகிற்கு ‘செட்’ என்று பெயர். இதனைக் கோல அலகு எனலாம்.

பதிவின்மையால் நேர்ந்த குழப்பம்

1933ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் பால்கர்க் நகரில் ரோமானிய வெள்ளி நாணயங்கள் நிறைந்த மட்கலம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதனோடு ஒரு கட்டத்துணித் துண்டும் கிடைத்தது. அது கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சாயமேற்றாத வெளிர் மயிரும் கருமயிரும் மாறி மாறி வரும் எளிய கட்டம் அது. கட்டம் நெய்யும் கலை அந்நாட்டில் மிகத் தொன்மையானது என்பதற்கு இத்துண்டு சான்று பகர்கின்றது.

ஆனால், ‘இக்குடிக்கு இக்கோலம்’ என்னும் ஏற்பாடு அத்துணைத் தொன்மையானதன்று. 1746ஆம் ஆண்டு கல்லோடன் போரில் மலைநாட்டுக் கிளர்ச்சியாளர் தோல்வியுற்றனர். அவ்வாண்டிலேயே மலைநாட்டு உடையை ஆடவர் அணிவதற்குத் தடை விதித்துச் சட்டம் இயற்றப்பட்டது. அரசின் படைப்பிரிவுகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. தடை 1782இல் நீங்கிற்று. இடையே கழிந்த முப்பத்தாறு ஆண்டுகளில் பழைய கோலங்கள் பல நினைவிலிருந்து மறைந்தன.

பின்னர்ப் பானக்பர்ன் என்னும் ஊரில் இருந்த வில்சன் நெசவு நிலையம் டார்ட்டன் நெசவில் தலைசிறந்து விளங்கியது. அந்நிலையத்தார் தாங்கள் நெய்த கோலங்களின் இழைக் கணக்கை 1819ஆம் ஆண்டில் ஒரு கோலப் புத்தகமாக எழுதி வைத்தனர். அவர்கள் கோலங்களுள் பல முதலில் எண்ணால் மட்டுமே குறிக்கப்பட்டவை. பெயர்கள் பிற்பாடு சேர்ந்தன. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ நகருக்கு வருகை தந்தபோது, எழுத்தாளர் வால்ட்டர் ஸ்காட்டின் ஏற்பாட்டின்படி குடித்தலைவர்கள் டார்ட்டன் அணிந்து வந்தனர். ஒவ்வொரு குடிக்கும் ஒரு கோலம் இருந்தே தீர வேண்டும் என்னும் எண்ணம் அதனால் வலுப்பெற்றது.

1842இல் ‘வெஸ்டியேரியம் ஸ்காட்டிகம்’ என்னும் நூல் வெளியாயிற்று. மிகப் பழைய சுவடி ஒன்றிலிருந்து குடிகளின் கோலங்களை எடுத்துத் தந்திருப்பதாக அந்நூலை வெளியிட்டோர் கூறினர். அச்சுவடி பொய்யானது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. எனினும், அந்நூலிற் கண்ட கோலங்களுட் சில இன்றும் வழக்கில் உள்ளன. பொதுப் பதிவேடு ஒன்று இல்லாதவிடத்து, எது பழையது, எது புதியது, எது சரி, எது பிழை என்று தீர்ப்பதற்கு வழியில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இழைக் கணக்கை எழுதும் முறை

இழைக் கணக்கு என்பது ஒரு கோலத்தில் வரும் வண்ணங்களின் வரிசையையும், ஒவ்வொரு வண்ணத்திலும் எத்தனை இழைகள் என்னும் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுவதாகும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஓர் எழுத்து குறியாக உள்ளது. நீலத்திற்குப் ‘பி’ என்னும் எழுத்து ஒதுக்கப்பட்டுள்ளமையால் கறுப்பிற்குக் ‘கே’ வழங்குகிறது. சாம்பல் நிறத்திற்கு ‘என்’, பழுப்பிற்கு ‘டி’. பச்சைக்கு வழங்கும் எழுத்து ‘ஜி’ ஆதலின், அதனைச் சாம்பல் நிறத்தின் முதலெழுத்தென மயங்கலாகாது. வெளிநாட்டுக் கணக்கைப் படிக்கும்போது இக்குறிகளைத் தவறாகக் கொண்டால் துணி முழுவதும் கெடும்.

டார்ட்டன்களிற் பெரும்பாலானவை இருபுறமும் ஒத்தவை. கண்ணாடியில் தோன்றும் உருவம் போல, வரிசை ஒரு பட்டையை அடைந்ததும் திரும்பி, வந்த வழியே பின்னோக்கிச் செல்லும். மறுமுனையில் உள்ள பட்டையை அடைந்ததும் மீண்டும் திரும்பும். இங்ஙனம் திரும்பும் பட்டைகளுக்குத் திருப்புப் பட்டைகள் என்று பெயர் கொள்ளலாம். இத்தகைய கோலத்தை எழுதுவதற்குப் பாதி வரிசையே போதும். திருப்புப் பட்டைகளின் எண்ணை ஒரு சாய்கோட்டால் குறித்தால், மற்றப் பாதியை நெசவாளர் தாமே எழுதிக்கொள்வார்.

சில கோலங்கள் இவ்வாறு திரும்புவதில்லை. வரிசை முடிந்ததும் முதலிலிருந்தே மீண்டும் தொடங்கும். புக்கானன் குடியின் டார்ட்டன் இவ்வகைக்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. இத்தகைய கோலங்களுக்கு முழு வரிசையையும் எழுதுதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

கற்பித்தற் பொருட்டு மூன்று நிறங்கள் கொண்ட எளிய கணக்கு ஒன்றனை எடுத்துக்கொள்க:

கறுப்பு 4, சிவப்பு 24, கறுப்பு 24, மஞ்சள் 4.

முதலில் உள்ள கறுப்பும் இறுதியில் உள்ள மஞ்சளும் திருப்புப் பட்டைகள். இதன் முழு வரிசை வருமாறு:

கறுப்பு 4, சிவப்பு 24, கறுப்பு 24, மஞ்சள் 4, கறுப்பு 24, சிவப்பு 24; மீண்டும் கறுப்பு 4 எனத் தொடரும்.

திருப்புப் பட்டை ஒவ்வொன்றும் ஓர் அலகில் ஒருமுறையே வருவதையும், இடையில் உள்ள பட்டைகள் இருமுறை வருவதையும் கவனிக்க. ஆகவே அலகின் மொத்த இழைகள்: 4 + 24 + 24 + 4 + 24 + 24 = 104. இவற்றுள் கறுப்பு 52, சிவப்பு 48, மஞ்சள் 4. சென்டிமீட்டருக்கு 20 இழை வீதம் நெய்தால் அலகின் நீளம் 5.2 சென்டிமீட்டர்.

இனி, பாவிலும் ஊடையிலும் இதே வரிசை வருவதால் உண்டாகும் விளைவைக் காண்க. பாவின் சிவப்பை ஊடையின் சிவப்பு வெட்டும் இடத்தில் தூய சிவப்புத் தோன்றும். பாவின் சிவப்பை ஊடையின் கறுப்பு வெட்டும் இடத்தில் இரண்டும் கலந்த கருஞ்சிவப்புத் தோன்றும். சாயத்தொட்டியில் அந்நிறம் ஏற்றப்படவில்லை. இரு நிற இழைகளும் மிக நெருங்கி நிற்பதால், சற்றுத் தொலைவிலிருந்து நோக்கும் கண் அவற்றை ஒன்றாகக் காண்கிறது. இம்முறையில் இரண்டு சாயங்கள் மூன்று தோற்றங்களையும், மூன்று சாயங்கள் ஆறையும், நான்கு சாயங்கள் பத்தையும், ஆறு சாயங்கள் இருபத்தொன்றையும் தரும். நிற எண்ணிக்கையை அதனினும் ஒன்று மிகுந்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தோற்றங்களின் எண்ணிக்கை கிடைக்கும்.

மேற்காட்டிய அலகில் பாவும் ஊடையும் வெட்டும் இடங்கள் 104 × 104, அதாவது 10,816. அவை பின்வருமாறு பிரியும்:

தூய கறுப்பு: 52 × 52 = 2,704
தூய சிவப்பு: 48 × 48 = 2,304
தூய மஞ்சள்: 4 × 4 = 16
கறுப்பும் சிவப்பும் கலந்தவை: 2 × 52 × 48 = 4,992
கறுப்பும் மஞ்சளும் கலந்தவை: 2 × 52 × 4 = 416
சிவப்பும் மஞ்சளும் கலந்தவை: 2 × 48 × 4 = 384

துணியின் பரப்பில் ஏறத்தாழப் பாதி தூய நிறமன்று, கலப்பு நிறமே என்பது இதனால் விளங்கும். தூய மஞ்சளோ ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கே. எனினும் கண்ணை முதலில் ஈர்ப்பது அம்மஞ்சட் கோடுதான். நிறங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொரு நிறமும் தனித்து அழகாக இருந்தால் மட்டும் போதாது. அவை ஒன்றோடொன்று கலந்த தோற்றமும் இனிமையாக இருத்தல் வேண்டும் என்பது இக்கணக்கால் பெறப்படும் பாடமாகும்.

திருப்புப் பட்டையில் நேரும் பிழை

நெசவு நிலையங்களில் இழைக் கணக்கை எழுதுவதற்கு இருவகை மரபு உண்டு. ஒன்றில் திருப்புப் பட்டையின் முழு எண்ணிக்கையும் தரப்படும். மற்றொன்றில் அதன் பாதியே தரப்படும். எழுதியவர் ஒரு மரபையும் படிப்பவர் மற்றொரு மரபையும் கைக்கொண்டால் பிழை நேரும்.

மேற்காட்டிய கணக்கில் 4 என்பது முழு எண்ணிக்கையாயின் அலகு 104 இழை. அதனைப் பாதியெனக் கொண்டால் கறுப்புக் கோடும் மஞ்சட் கோடும் எட்டெட்டு இழையாகத் தடித்துவிடும்; அலகு 112 இழையாகும். அகன்ற பட்டைகளில் மாறுதல் இல்லாமையால் துணியைத் தனியே பார்ப்பவருக்குப் பிழை புலப்படாது. பழைய துணியின் அருகில் வைத்த பின்னரே தெரியவரும். அதற்குள் பாவு முழுவதும் நெய்து முடிந்திருக்கும். ஆதலின், ஒரு கணக்கைக் கையில் வாங்கியதும் முதலில் கேட்க வேண்டிய வினா, ‘திருப்புப் பட்டையின் எண் முழுமையா, பாதியா?’ என்பதே.

நெசவு முறை

டார்ட்டன் மரபாக இரண்டின்மேல் இரண்டு சாய்வரி நெசவில் நெய்யப்படுகிறது. ஊடை இழை இரண்டு பாவிழைகளின் மேலும் இரண்டின் கீழுமாகச் செல்லும். அடுத்த ஊடை ஓர் இழை தள்ளி அதே முறையில் செல்லும். இதற்கு நான்கு விழுதுகள் வேண்டும். இதன் விளைவாகத் துணியில் சாய்ந்த வரிகள் தோன்றும். கலப்பு நிறக் கட்டங்களில் அவ்வரிகள் இருநிறக் கோடுகளாகத் தெளிவாகக் காணப்படும். துணியின் ஒரு முகத்தில் பாவும் ஊடையும் சமமாக வெளிப்படுவதால் இரு நிறங்களும் சம பங்கு பெறுகின்றன. நம் நாட்டு லுங்கித் துணியின் கட்டங்கள் பெரும்பாலும் சாதா நெசவில் அமைந்தவை. கட்டம் என்னும் வகையில் இரண்டும் ஒன்றாயினும் நெசவில் அவை வேறாகும்.

பட்டைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் இரட்டைப்படையாகவே எழுதப்படுகின்றது. ஊடையில் அது வசதி தருவதற்குக் காரணம் தறியின் அமைப்பில் உள்ளது. ஒரு பக்கம் மட்டும் நாடாப் பெட்டிகள் ஏறி இறங்கும் தறியில், ஒரு நிற நாடா மறுபக்கம் சென்று திரும்பி வந்த பின்னரே அடுத்த நிறத்திற்கு மாற்ற இயலும். சென்று திரும்புதல் இரண்டு ஊடை. ஆகவே, ஒற்றைப்படை எண் கொண்ட பட்டையை அத்தறியில் நெய்ய இயலாது.

பாவின் நெருக்கமும் ஊடையின் நெருக்கமும் ஒத்திருக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. 104 இழை கொண்ட அலகு, பாவில் சென்டிமீட்டருக்கு 20 இழை வீதம் 5.2 சென்டிமீட்டராகும். ஊடை 18 வீதமே விழுந்தால் நெடுக்கில் அது ஏறத்தாழ 5.8 சென்டிமீட்டராக நீளும். சதுரக் கட்டம் நீள்கட்டமாகிவிடும். இழைகளை எண்ணினால் கணக்குச் சரியாகவே இருக்கும். ஆயினும் துணி பிழையானது. கோலத்தின் மூலைவிட்டத்தில் வரும் தூய நிறக் கட்டங்களின் வழியே ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தால், அது கரையோடு 45 பாகைக் கோணத்தில் நிற்க வேண்டும். இச்சோதனைக்கு வேறு கருவி தேவையில்லை.

துணியின் அகலத்திற்கு ஏற்ப அலகுகளை அமைத்தலும் கருதத் தக்கது. 150 சென்டிமீட்டர் அகலத்தில் 3,000 பாவிழைகள் அடங்கும் எனக் கொள்க. 104ஆல் வகுத்தால் 28 முழு அலகுகள் போக 88 இழைகள் மிஞ்சும். மிஞ்சியதையும் ஓட்டினால் இரு கரைகளும் ஒவ்வாது போகும். 28 அலகுகளுக்கு 2,912 இழைகளும், முடிவில் மூடும் திருப்புப் பட்டைக்கு 4 இழைகளுமாக 2,916 இழைகள் ஓட்டினால், இருபுறமும் ஒரே கறுப்புக் கோட்டில் முடியும், அகலம் 145.8 சென்டிமீட்டர். இரண்டு துண்டுகளை இணைத்துத் தைப்பவருக்கு இது பெரிதும் உதவும். கரை இழைகளை இதற்கு மேல் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நிறத்தை வரையறுத்தல்

இழைக் கணக்கில் ‘சிவப்பு’ என்று மட்டும் எழுதினால் அது எந்தச் சிவப்பு? குடிகளின் டார்ட்டனில் இவ்வினாவிற்கு மரபு அத்துணை முதன்மை தருவதில்லை. வரிசையும் அளவும் மாறாதிருந்தால், நிறச்சாயல் சற்று மாறினும் அது அதே டார்ட்டனாகக் கொள்ளப்படும். முற்காலத்தில் இயற்கைச் சாயங்களே இருந்தமையால் ஒரு தொட்டிச் சாயம் மறு தொட்டிச் சாயத்தை ஒத்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலவில்லை. 1856இல் வில்லியம் பெர்க்கின் செயற்கைச் சாயம் கண்டுபிடித்த பின்னர் அடர்ந்த நிறங்கள் எளிதிற் கிடைத்தன. இன்றைய வாணிகத்தில் ‘நவீனம்’ எனப்படும் துணி இவ்வடர்நிறம் கொண்டது. ‘பழமை’ எனப்படுவது இயற்கைச் சாயத்தின் மென்மையான சாயலைச் செயற்கைச் சாயத்தால் ஒத்துச் செய்தது. ‘வெயிலிற் காய்ந்தது’ என்ற பொருள்படும் மூன்றாம் வகை, நாட்பட்டு வெளுத்த நிறத்தைக் காட்டுவது. பழமை என்னும் சொல் நிறத்தின் சாயலையே குறிக்கும். கோலத்தின் வயதைக் குறிப்பதன்று.

நிறுவன டார்ட்டனில் நிலைமை வேறு. நிறுவனத்தின் முத்திரையிலும் பெயர்ப்பலகையிலும் உள்ள நீலமே துணியிலும் வர வேண்டும் என்று உரிமையாளர் விரும்புவர். ஆகவே, வண்ணத்தின் பெயரோடு மாதிரி நூற்கண்டு ஒன்றும் தரப்படுதல் வேண்டும். கணிப்பொறித் திரைக்குரிய நிறக் குறியீட்டெண்ணும் தற்காலத்தில் தரப்படுகிறது. ஆனால் திரையில் ஒளியாகத் தோன்றும் நிறமும் கம்பளி இழை ஒளியைத் திருப்பியனுப்பித் தரும் நிறமும் ஒரே தன்மையன அல்ல. எண்ணைத் துணையாகக் கொள்ளலாம். முடிவான சான்றாகக் கொள்ளலாகாது.

இரண்டு நூல்கள் பகல் வெளிச்சத்தில் ஒத்துத் தோன்றி, மின்விளக்கின்கீழ் வேறுபடுவதும் உண்டு. வெவ்வேறு சாயக் கலவைகளால் ஒரே நிறத்தைப் பெற முயன்றால் இந்நிலை நேரும். ஆதலின் மாதிரியையும் புதுச் சாயத்தையும் குறைந்தது இருவகை வெளிச்சத்தில் ஒப்பிடல் வேண்டும். சாயத்தின் உறுதியும் சோதிக்கத் தக்கது. வெயிலுக்கு நிறம் நிற்கும் தன்மை 1 முதல் 8 வரையிலும், சலவைக்கு நிற்கும் தன்மை 1 முதல் 5 வரையிலும் மதிப்பிடப்படும். எண் உயர உறுதி உயரும். கோலத்தில் ஒரு நிறம் மட்டும் விரைவில் வெளுத்தால், நாளடைவில் துணி வேறொரு டார்ட்டனைப் போலத் தோன்றும் என்பதை மறத்தலாகாது.

நிறுவனங்கள் டார்ட்டனைக் கைக்கொண்ட வகை

நிறுவனங்கள் மூன்று வழிகளில் டார்ட்டனைப் பயன்படுத்தியுள்ளன. ஏற்கெனவே உள்ள கோலத்தை அப்படியே எடுத்தாளுதல் முதல்வழி. வாக்கர்ஸ் நிறுவனத்தாரின் ஷார்ட்பிரெட் ரொட்டிப் பெட்டிகளில் சிவந்த ராயல் ஸ்டூவர்ட் டார்ட்டனைக் காணலாம். பழைய கோலத்தைச் சற்று மாற்றி அமைத்தல் இரண்டாம் வழி. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் தனது ‘ஸ்காட்ச்’ ஒட்டுநாடாவிற்கு 1945இல் ஏற்ற கட்டம், வாலஸ் குடியின் டார்ட்டனைத் தழுவியது. வாலஸ் டார்ட்டனில் சிவப்பின் நடுவே மெல்லிய கறுப்புக் கோடும், கறுப்பின் நடுவே மெல்லிய மஞ்சட் கோடும் வரும். மேலே எடுத்துக்காட்டிய கணக்கின் அமைப்பும் அதுவே. புதிதாகவே ஒரு கட்டம் வகுத்தல் மூன்றாம் வழி. பர்பரி நிறுவனம் 1920களில் மழைச்சட்டையின் உட்துணியாகப் பயன்படுத்தத் தொடங்கிய கட்டம் இதற்குச் சான்று. ஒட்டக நிறத் தரையில் கறுப்பு, வெள்ளை, சிவப்புக் கோடுகள் கொண்ட அக்கட்டம், உள்ளே மறைந்திருந்த நிலையினின்று வெளிப்பட்டு, நிறுவனத்தின் பெயரை எழுதாமலே அதனை அறிவிக்கும் குறியாயிற்று. அஃது இன்று வணிகக் குறியாகவும் பதிவு பெற்றுள்ளது.

சீருடையும் ஒரு பெரும் பயன். 1970 முதல் 1988 வரை இயங்கிய பிரிட்டிஷ் கலிடோனியன் விமான நிறுவனத்தின் பணிப்பெண்கள் டார்ட்டன் உடை அணிந்து பணியாற்றினர்.

பொருளுக்கு ஏற்ப அலகின் அளவு மாற வேண்டியிருத்தலும் உண்டு. கில்ட் எனப்படும் மடிப்பு உடைக்கு 15 சென்டிமீட்டர் அலகு பொருந்தலாம். எட்டு ஒன்பது சென்டிமீட்டர் அகலமே உள்ள கழுத்துப்பட்டையில் அவ்வலகு முழுவதும் தெரியாது. அப்போது எல்லா எண்களையும் ஒரே விகிதத்தில் குறைத்தல் வேண்டும். பாதியாக்கினால் 24 இழை 12 ஆகும். 4 இழை 2 ஆகும். ஆனால் முதலிலேயே 2 இழையாக உள்ள கோட்டைப் பாதியாக்கினால் அது ஓரிழையாகி மறைந்துபோகும். எனவே, பல பொருள்களுக்கும் பயன்பட வேண்டிய கோலத்தில் மெல்லிய கோட்டிற்கும் குறைந்தது நான்கு இழைகள் இருத்தல் நன்று.

பதிவேடும் உரிமையும்

2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பதிவேடு 2009 பிப்ரவரி 5ஆம் நாள் தொடங்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் ஆவணக் காப்பகம் அதனை நடத்தி வருகிறது. 1963இல் அமைந்த டார்ட்டன் சங்கம் முதலிய அமைப்புகள் தொகுத்த பழைய பட்டியல்களும் இதில் சேர்க்கப்பட்டுள்ளன. குடி, வட்டாரம், படை, நினைவுக் கொண்டாட்டம், நிறுவனம் எனப் பல வகைகளாகக் கோலங்கள் பிரிக்கப்பட்டுள்ளன. புதுக் கோலத்தைப் பதிய விரும்புவோர் அதன் பெயர், இழைக் கணக்கு, நிறச்சாயல், வண்ணப்படம் ஆகியவற்றைத் தருவதோடு, அப்பெயருக்கும் தமக்கும் உள்ள தொடர்பையும் கூற வேண்டும். ஏற்கெனவே உள்ள கோலத்தினின்று அது வேறுபட்டதாகவும் இருத்தல் வேண்டும்.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவாக உணர்தல் வேண்டும். பதிவேட்டில் இடம்பெறுதல் புதிய சொத்துரிமை எதனையும் அளிப்பதன்று. இக்கோலம் இந்நாளில் இப்பெயரால் பதியப்பட்டது என்பதற்கு அது சான்று மட்டுமே. கோலத்தைப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை, வடிவமைப்புச் சட்டம், படைப்புரிமைச் சட்டம், வணிகக் குறிச் சட்டம் ஆகியவற்றால் வருவது. ஆகவே, ‘பதிவேட்டில் உள்ளது, யாரும் நெய்யலாம்’ என்பதும் தவறு, ‘பதிவேட்டில் உள்ளது, ஒருவரும் நெய்யலாகாது’ என்பதும் தவறு. நிறுவன டார்ட்டனை நெய்யுமாறு வேலை வந்தால், நெய்வதற்கு இசைவு உண்டு என்பதை எழுத்து மூலம் பெற்றுக்கொள்வது நெசவாளர்க்குப் பாதுகாப்பாகும். எழுத்தில் இசைவு இல்லாத வேலையை ஏற்றால், வழக்கின் இன்னல் துணியை விற்றவரோடு நில்லாது நெய்தவரையும் தொடரக் கூடும்.

களப்பணியாளர் நினைவிற் கொள்ள வேண்டியவை

கட்டத்துணிக்கான வேலைக் குறிப்பு ஒன்று கைக்கு வரும்போது பின்வருவனவற்றை வரிசையாகச் சரிபார்த்தல் வேண்டும்.

1. கோலம் திரும்புவதா, தொடர்வதா?
2. திருப்புப் பட்டையின் எண் முழுமையா, பாதியா?
3. எண்கள் இரட்டைப்படையாக உள்ளனவா? இருக்கும் தறியில் அவற்றை நெய்ய இயலுமா?
4. பாவின் நெருக்கமும் ஊடையின் நெருக்கமும் சமமாகக் குறிக்கப்பட்டுள்ளனவா?
5. ஒவ்வொரு நிறத்திற்கும் மாதிரி நூல் உள்ளதா? எந்த வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும் என்பது குறிக்கப்பட்டுள்ளதா?
6. நெய்வதற்கு எழுத்து மூலமான இசைவு உள்ளதா?

இவ்வாறனுள் ஒன்று குறைந்தாலும் பாவு ஓட்டுவதற்கு முன்னரே கேட்டுத் தெளிதல் வேண்டும். ஒரு கடிதத்திற்கு ஆகும் செலவு சிறிது. ஒரு பாவின் விலை பெரிது.

பள்ளிகளுக்கான பயிற்சி

ஆசிரியர்கள் கீழ்க்கண்ட கணக்கை மாணவர்க்கு அளிக்கலாம். ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் சால்வைக்கு இவ்வாறு கட்டம் வகுத்தது எனக் கொள்க: நீலம் 40, சாம்பல் 8, நீலம் 8, பச்சை 32, வெள்ளை 4. முதல் நீலமும் இறுதி வெள்ளையும் திருப்புப் பட்டைகள். எண்கள் முழு எண்ணிக்கை. சென்டிமீட்டருக்கு 20 இழை. அலகின் நீளம் யாது? 100 கிலோகிராம் நூலில் ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வேண்டும்?

விடை: அலகில் 40 + 4 + 2 × (8 + 8 + 32) = 140 இழைகள்; நீளம் 7 சென்டிமீட்டர். நீலம் 56, பச்சை 64, சாம்பல் 16, வெள்ளை 4. எல்லா நூலும் ஒரே பருமனாயின், நீலம் 40 கிலோகிராம், பச்சை ஏறத்தாழ 45.7, சாம்பல் 11.4, வெள்ளை 2.9 தேவைப்படும். கழிவிற்காகச் சிறிது மிகுதியாகக் கொள்ள வேண்டும். நான்கு நிறங்களாதலின் துணியில் பத்துத் தோற்றங்கள் காணப்படும்.

அடுத்து, மாணவர் தத்தம் வீட்டில் உள்ள கட்டத்துணி ஒன்றைக் கொண்டுவந்து, உருப்பெருக்குக் கண்ணாடியின் உதவியால் அதன் இழைகளை எண்ணி, கணக்காக எழுதுக. பின்னர் ஒருவர் எழுதிய கணக்கை மற்றொருவரிடம் தந்து, துணியைக் காட்டாமல் கட்டத்தாளில் வண்ணம் தீட்டச் செய்க. தீட்டிய படத்தைத் துணியோடு ஒப்பிட்டால், கணக்கில் விடுபட்டது எது என்பது மாணவருக்குத் தானே புலப்படும். படமும் துணியும் ஒத்திருக்குமாயின் அக்கணக்கு நன்கு எழுதப்பட்டதாகும். எழுதியவரைக் காணாத ஒரு நெசவாளர் எத்தனை ஆண்டுகள் கழிந்த பின்னும் அதே துணியை அதனைக் கொண்டு நெய்ய இயலும்.